அணை நீர்மட்டமும் ஒரு குத்தகைப் பத்திரமும்: களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள்ளே

திருநெல்வேலியில் வளர்ந்த யார்கிட்டயாவது 143, 156, 118 அப்படின்னு மூணு நம்பர் சொல்லிப் பாருங்க. உடனே புரிஞ்சுக்குவாங்க. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. தினமும் பேப்பர்ல ஒரு மூலையில் இந்த மூணு அணைகளின் நீர்மட்டம் வரும். எங்க ஊர்ப் பெரியவங்க அரசியல் செய்தியை விட்டாலும் அந்த மூலையை விடமாட்டாங்க.

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "நிறைய ஏரி இருக்கற, அடர்ந்த காடு உள்ள ஒரு நேஷனல் பார்க், வெளிநாட்டு வீடியோவுல பார்க்கற மாதிரி, தமிழ்நாட்டுல எங்க இருக்கு?" இருக்கு. எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினா மறுநாள் பகல்ல அந்த மலையடிவாரத்தில் நிற்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி, களக்காடு முண்டந்துறை. சட்டப்படி இது தேசியப் பூங்கா இல்லை, புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அறிவிக்கப்பட்டது 1988இல். பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர்.

ஏரி விஷயத்துக்கு வருவோம். மலை மேல இருந்து எடுத்த படங்கள்ல பச்சைக் காட்டுக்கு நடுவுல நீலமா விரிஞ்சு கிடக்கும் தண்ணி இருக்கே, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, இன்னும் மேலே தெற்கே கோதையாறு, அதுல ஒண்ணுகூட இயற்கை ஏரி கிடையாது. எல்லாம் அணை. மனுஷன் கட்டி, காட்டை முக்கி உண்டாக்கின நீர்ப்பரப்பு. தாமிரபரணி பிறக்கிற பூங்குளம்னு ஒரு சின்னச் சுனை பொதிகை மலையில் இருக்கு. இயற்கை கொடுத்தது அது. மற்றதெல்லாம் பொறியாளர்கள் கொடுத்தது.

அதனால இந்தக் காட்டைச் சுத்திப் பார்க்கிறது கொஞ்சம் விசித்திரமான அனுபவம். "மனிதக் கை படாத காடு"ன்னு போர்டு வைக்கத் தோணும். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒண்ணு இருக்கு. மில் முதலாளி, ஜமீன், மின்வாரியம், பர்மாவுல தேக்கு வெட்டின கம்பெனி, வனத்துறை. இன்னிக்கு அந்தப் பத்திரங்களைத்தான் படிக்கப் போறோம்.

காட்டுக்குப் போகிற வழி அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். விக்கிரமசிங்கபுரத்தை ஊர்க்காரங்க சுருக்கமா வி.கே.புரம்னு சொல்லுவாங்க. மலையடிவாரத்தில், ஆத்தங்கரையில், நெல்வயலுக்கு நடுவே ஒரு பெரிய பஞ்சாலை. பருத்தி விளையறது கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுல. துறைமுகம் தூத்துக்குடியில. அப்புறம் மில்லை எதுக்கு இங்க கொண்டுவந்து வச்சாங்க? தண்ணி. 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் ஆலை போட இடம் தேடினப்போ, இந்தப் பக்கம் நிலக்கரி கிடையாது. ஆனா பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு அருவியா இறங்குது. அந்த விழுகிற தண்ணியின் விசையிலேயே தறியும் கதிரும் சுத்தின. மின்சாரம் வர்றதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே இந்த ஆறு எந்திரம் ஓட்ட ஆரம்பிச்சிருச்சு.

இதே ஹார்வி கம்பெனியின் இன்னொரு ஆலைதான் தூத்துக்குடி கோரல் மில். 1908 பிப்ரவரி கடைசியில் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலி நகரமே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. பாடப் புத்தகத்தில் இதையெல்லாம் கடற்கரை ஊர்க் கதையா, கப்பல் கதையாப் படிச்சிருப்போம். அதன் இன்னொரு முனை இந்தக் காட்டு வாசல்ல இருக்குன்னு யாரும் நமக்குச் சொல்லல.

அந்த மில்லைத் தாண்டி, பாபநாசம் கோவிலைத் தாண்டி மேலே ஏறினா அகஸ்தியர் அருவி, அதுக்கும் மேலே கல்யாண தீர்த்தம். 1925 ஜூன் மாதம் இங்கேதான் வ.வே.சு. ஐயர் இறந்தார். லண்டனில் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்தவர், புதுச்சேரியில் பாரதியோடு இருந்தவர், தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம்னு நாம சொல்ற ஆள்களில் ஒருத்தர். பக்கத்துச் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் பெரியாரையும் வரதராஜுலு நாயுடுவையும் அவருக்கு எதிராக நிறுத்தியிருந்தது. சுற்றுலா வந்த இடத்தில் மகள் சுபத்திரை அருவியில் தவறி விழ, காப்பாற்றக் குதித்த அப்பாவும் போய்விட்டார். குளிக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. எச்சரிக்கை போர்டைக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் பாறைக்கு வரலாறு தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு வித்தியாசம் கிடையாது.

இப்போ முதல் "ஏரி". காரையாறு, அரசாங்கப் பதிவில் பாபநாசம் அணை. 1938இல் வேலை தொடங்கி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கட்டி, 1944இல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். பைக்காரா, மேட்டூர், பாபநாசம் இந்த மூன்றும்தான் அன்றைய சென்னை மாகாணத்தின் நீர்மின் வரிசை. மதுரைக்குத் தெற்கே மின்விளக்கு எரிஞ்சதுக்கும், கிணத்துல பம்புசெட் ஓடினதுக்கும், தீப்பெட்டி ஊர்கள் வளர்ந்ததுக்கும் இந்தத் தண்ணிக்குப் பங்கு உண்டு.

விவசாயிக்கு இந்த அணை கொடுத்தது வேற ஒண்ணு. தாமிரபரணிப் பாசனத்தில் ரெண்டு போகம்: கார், பிசானம். ஜூன்ல தொடங்குறது கார், வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர் வாக்குல தொடங்குறது பிசானம். தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டுமே தவிர அம்பைக்குக் கீழே எட்டிப் பார்க்காது. மலையில் பெய்ததைப் பிடிச்சு வச்சு, கணக்குப் பார்த்து விட்டால்தான் கார் நிச்சயம். ஜூன் 1ஆம் தேதி அணை திறப்பாங்களா மாட்டாங்களாங்கறது இன்னிக்கும் நெல்லை மாவட்டத்தின் வருஷாந்திர சஸ்பென்ஸ். அந்தப் பேப்பர் மூலையை ஏன் பெரியவங்க விடலன்னு இப்போ புரியுதா?

சேர்வலாறு அணை பின்னாடி, 1980களில் வந்தது. நம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 156 அடின்னா பெரிய அணைன்னு தோணும், ஆனா கொள்ளளவு ஒண்ணேகால் டி.எம்.சி.க்குள்ளதான். பாபநாசம் ஐந்தரை டி.எம்.சி. ரெண்டையும் மலைக்குள்ளே ஒரு சுரங்கம் இணைக்குது. மேலே நின்னு பார்த்தா ரெண்டு தனித்தனி ஏரி, அடியில் ஒரே தண்ணி. மணிமுத்தாறு காமராஜர் காலத்து அணை, 1958இல் முடிந்தது. அதன் தண்ணி போவது நாங்குநேரி, சாத்தான்குளம், ராதாபுரம்னு தேரிக்காட்டையும் வறண்ட குளங்களையும் நோக்கி. கோதையாறு 1970களின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காக வந்தது.

ஏரிகள் வந்தப்போ காட்டுக்குள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தாங்க. காணிகள். மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி இதெல்லாம் அவங்க ஊர்கள். தேன், குறுமிளகு, மரச்சீனிக் கிழங்கு. இஞ்சிக்குழி காரையாறு நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கு. ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆதார் கார்டு எல்லாம் இந்தப் பக்கம். நமக்குப் படகுச் சவாரியாத் தெரியற அந்த நீலத் தண்ணி அவங்களுக்கு ஊருக்குக் குறுக்கே எழுந்த சுவர். தண்ணி நிறைஞ்சிருந்தா படகு, இல்லன்னா யானைப் பாதையில நடை.

மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதே காணி மக்கள்கிட்ட 1987இல் ஆய்வாளர்கள் ஒரு மலையேற்றத்தின்போது ஒரு செடியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டாங்க. களைப்பே தெரியாம நடக்க காணிகள் மென்னுட்டிருந்த ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி'ன்னு ஒரு மருந்து வந்தது, அதன் வருமானத்தில் காணிகளுக்குப் பங்குன்னு ஒப்பந்தம் போட்டாங்க. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்ப முயற்சிகளில் ஒண்ணுன்னு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறாங்க. அந்த ஒப்பந்தம் நல்லபடியா நடந்துச்சான்னு கேட்டா, அது தனி எபிசோட்.

காரையாறு போற வழியில சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைக்கு இங்கே வர்ற கூட்டத்தைப் பார்த்தீங்கன்னா புலிகள் காப்பகத்துக்குள்ள நிக்கறோம்னு நம்பமாட்டீங்க. குடும்பம் குடும்பமா வந்து, குடில் போட்டு, பொங்கி, கிடா வெட்டி, நாள்கணக்குல தங்குறது பழைய வழக்கம். வனத்துறைக்கும் பக்தர்களுக்கும் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை வண்டி வரலாம்னு ஒவ்வொரு வருஷமும் இழுபறி நடக்கும். ஆத்துல விட்டுட்டுப் போற துணி, பிளாஸ்டிக் விஷயத்துல நான் வனத்துறை பக்கம்தான், சொல்லிடறேன்.

அந்தக் கோவிலுக்குள் பட்டவராயர் சன்னிதின்னு ஒண்ணு. அங்கே காணிக்கை தேங்காய் பழம் இல்லை, செருப்பு. தோல் செருப்பு வரிசையாத் தொங்கும். முத்துப்பட்டன்னு ஒரு பிராமண இளைஞன். காட்டுல சந்திச்ச பொம்மக்கா, திம்மக்கான்னு ரெண்டு சக்கிலியப் பெண்கள் மேல் காதல். அவங்க அப்பா வாலப்பகடை, "பூணூலைக் கழட்டு, எங்க தொழிலைச் செய், அப்புறம் பார்ப்போம்"னு நிபந்தனை போட, அவன் தோல் பதனிட்டு, செருப்புத் தைச்சு, கட்டிக்கிட்டான். மாமனாரின் மாட்டுப்பட்டியைக் கொள்ளையடிக்க வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தான். வில்லுப்பாட்டா தலைமுறை தலைமுறையாப் பாடப்பட்ட கதை இது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இதைப் பதிப்பித்து நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற எல்லார் கையிலும் சேர்த்தார். பாடல் வடிவங்கள்ல ஒண்ணுல அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டுல கண்டெடுத்து வளர்த்ததுன்னு ஒரு திருப்பம் வருது. அது பிற்காலத்தில் ஒட்டவச்சதுன்னு வானமாமலை வாதிட்டார். எனக்கும் அப்படித்தான் படுது. அந்தத் திருப்பம் உண்மைன்னா செருப்புக் காணிக்கைக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கதையில் சாதியோடு இன்னொண்ணையும் கவனிங்க. மாட்டுப்பட்டி. கீழே சமவெளி ஊர்களின் மாடுகள் மேய்ந்த காடு இது. விறகு, மூங்கில், தேன், மேய்ச்சல் எல்லாத்துக்கும் அடிவார ஊர்கள் இந்தக் காட்டைத்தான் நம்பி இருந்தாங்க. 1990களின் நடுவுல உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் வந்து, கிராம வனக்குழு அமைச்சு, கேஸ் அடுப்பும் கடனும் கொடுத்து அந்த வழக்கத்தைக் குறைச்சாங்க. இந்தியாவுல ஓரளவு உருப்படியா நடந்த திட்டங்களில் இது ஒண்ணு.

ஆடி அமாவாசைத் திருவிழாவில் இன்னொரு காட்சியும் இருந்தது. சிங்கம்பட்டி ஜமீன் ராஜ உடையில், தலைப்பாகையோடு வந்து தரிசனம் கொடுப்பார். கடைசியாக அப்படி அமர்ந்தவர் முருகதாஸ் தீர்த்தபதி. 2020 மே மாதம் காலமானார். சின்னப் பிள்ளையா இருந்தப்பவே பட்டம் கட்டப்பட்டவர். ஜமீன் ஒழிஞ்சு எத்தனையோ வருஷத்துக்கு அப்புறமும் ராஜாவாக வாழ்ந்த மனுஷர். இந்தக் காட்டுக்கும் அந்த ஜமீனுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் நம்ம எபிசோடின் முக்கியமான பத்திரம் வருது.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு 18ஆம் நூற்றாண்டில் ஆட்சிச் சண்டையில் சிங்கம்பட்டிப் படை உதவியது, அதற்குப் பரிசாக இந்த மலைக்காட்டைக் கொடுத்தார்னு ஜமீன் வரலாறு சொல்லுது. அப்படி வந்த காட்டில் ஒரு துண்டை, 8,373 ஏக்கரை, 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. ஏன் கொடுத்தாங்க? ஊர்ல எல்லாரும் சொல்ற காரணம் ஒரு கொலை வழக்கு.

1919 அக்டோபரில் சென்னை நியூயிங்டன் ஹவுஸில் ஒரு கொலை. வயதுக்கு வராத ஜமீன் வாரிசுகளை வைத்து அரசாங்கம் படிக்கவைத்த விடுதிப் பள்ளி அது. அதன் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் இரவில் தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள் மேல் பழி விழுந்தது. மாகாணமே பேசின வழக்கு, விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டது, கடம்பூர் வாரிசு விடுதலையானார். இந்த வழக்குச் செலவுக்காகத்தான் சிங்கம்பட்டி காட்டைக் குத்தகைக்கு விட்டதுன்னு கதை. கேட்க நல்லா இருக்கு. ஆனா தேதியைப் பாருங்க. கொலை 1919, குத்தகை 1929. நடுவுல பத்து வருஷம். வழக்கு ஒரு சுமையா இருந்திருக்கலாம், அதுமேல வட்டி ஏறியிருக்கலாம். ஆனா அந்தக் காலத்துத் தென்மாவட்ட ஜமீன்கள்ல கடன்ல மூழ்காத ஜமீன் எத்தனை? ஒத்தைக் கொலையில் ஒரு மலையின் தலைவிதி மாறிச்சுங்கறது சினிமாவுக்குப் பொருந்தும்.

குத்தகைக்கு எடுத்தது யார்ங்கறது இன்னும் பெரிய கதை. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863இல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கின கம்பெனி, வேலை பர்மாவில் தேக்கு வெட்டுவது. 1885இல் பர்மா அரசவை, இந்தக் கம்பெனி வெட்டின மரத்தைக் குறைச்சுக் கணக்குக் காட்டி வரி ஏய்த்ததுன்னு பெரிய அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து பிரிட்டிஷ் இந்திய அரசு படை அனுப்பியது. அந்த நவம்பரில் ரெண்டே வாரத்தில் மாண்டலே விழுந்தது. மன்னர் தீபாவைக் கொண்டுவந்து மகாராஷ்டிரக் கடற்கரையில் ரத்னகிரியில் வைத்தார்கள், அங்கேயே 1916இல் செத்தார். 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மா பிரிட்டிஷ் சொத்து. ஒரு மரக் கம்பெனியின் அபராத நோட்டீஸ் ஒரு ராஜ்யத்தை முடிச்சு வச்சது. அந்தக் கம்பெனிதான் 43 வருஷம் கழிச்சுச் சிங்கம்பட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டது.

மழைக்காட்டை வெட்டி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே தேயிலை போட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மழைக்காலத்துல வெதர் பிளாக் படிக்கிற ஆளுங்களுக்கு நாலுமுக்கும் ஊத்தும் நல்லாத் தெரிஞ்ச பேரு, தமிழ்நாட்டின் அதிக மழை பல சமயம் அங்கதான் பதிவாகும். மரத்தை வெட்டவும், கொழுந்து கிள்ளவும் ஆள் கீழேயிருந்து போனாங்க, கங்காணிகள் கூட்டிட்டுப் போனாங்க. பெரும்பாலும் தலித் குடும்பங்கள். அட்டைக்கடி, மழை, குளிர், யானை. கம்பெனி கொடுத்த லயன் வீடு. அந்த வீட்டுல நாலு தலைமுறை பிறந்தாலும் வீடு கம்பெனியோடது. ரிட்டயர் ஆனா, குடும்பத்துல வேற யாரும் வேலையில இல்லன்னா, சாவியைக் கொடுத்துட்டு இறங்கணும். எங்கே இறங்குறது? தாத்தா விட்டுட்டு வந்த ஊர்ல ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவங்க இவங்க.

1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952இல் சிங்கம்பட்டி மலை அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது. வாடகை வாங்கறவர் மாறினார், அவ்வளவுதான்.

1999. கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் போராட, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைது. அவர்களை விடுதலை செய்யக் கோரியும் கூலிக்காகவும் ஜூலை 23ஆம் தேதி நெல்லையில் ஊர்வலம். புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமி முன்னின்றார், மற்ற கட்சிகளும் வந்தன. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஓட வழியில்லாமல் ஜனம் தாமிரபரணியில் இறங்கியது. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். யாரும் ஜெயிலுக்குப் போகல. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 23 அன்று பூவும் மாலையும் அந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது. அந்த ஆத்துத் தண்ணி மாஞ்சோலை மலையிலிருந்தும்தான் வருது.

இதே காலத்தில் காட்டின் இன்னொரு பக்கத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆனது. 1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இந்த மலைகளில் சிங்கவால் குரங்குகளைப் பின்தொடர்ந்து படித்தார்கள். அந்தக் குரங்கு மரத்தை விட்டுக் கீழே இறங்க விரும்பாது, வெடிப்பலா மாதிரி மழைக்காட்டு மரங்களை நம்பி வாழும். காட்டின் நடுவுல ஒரு தேயிலைத் தோட்டம் குறுக்கே வந்தா, அதைக் கடக்கறதே அதுக்குப் பெரிய பாடு. 1976இல் களக்காடு அந்தக் குரங்குக்காகவே சரணாலயமானது. ரெண்டையும் சேர்த்துத்தான் 1988இல் புலிகள் காப்பகம். காப்பகத்துக்கு நடுவுல தீவு மாதிரி 8,373 ஏக்கர் தேயிலை. மொத்தப் பரப்பில் கணக்குப் போட்டா நூத்துக்கு நாலுகூட வராது. ஆனா சரியான இடத்துல வச்ச நாலு அது.

2018இல் அந்தக் குத்தகை நிலம் காப்புக்காடு என அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028 பிப்ரவரி வரை. அதுக்கு முன்னாடியே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுக் கடிதம் நீட்டி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னது. ஐநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். டேன்டீ இந்தத் தோட்டத்தை எடுத்து நடத்தணும்னு கோர்ட்டுக்குப் போனாங்க. டேன்டீக்கு ஒரு பின்னணி உண்டு. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான், 1968இல், நீலகிரியில் காட்டை வெட்டித் தமிழ்நாடு அரசே தேயிலை போட்டது. அப்படி ஒரு தடவை செஞ்ச அரசு, எங்களுக்குச் செய்யக் கூடாதான்னு கேட்டது நியாயமான கேள்விதான். 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொன்னது.

இதுல என் நிலை என்னன்னு கேட்டீங்கன்னா, தேயிலை போகணும்னு நினைக்கிறேன். தாமிரபரணி இந்த மாவட்டத்துக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கத் தண்ணி கொடுக்கற ஆறு. தமிழ்நாட்டுல பிறந்து தமிழ்நாட்டுலயே கடல்ல கலக்கற ஆறு, பக்கத்து மாநிலத்துகிட்ட கேட்டு வாங்க வேண்டியதில்லை. அதன் தலைமாட்டில் மழைக்காடு திரும்பி வர்றது நல்லது. ஆனா காட்டை வெட்டச் சொன்னது ஜமீனும் கம்பெனியும் அரசும். காடு திரும்பற செலவை மட்டும் ஏன் கொழுந்து கிள்ளின கை கொடுக்கணும்? விருப்ப ஓய்வுத் தொகையும் எங்கேயோ ஒரு அடுக்குமாடி வீடும் நாலு தலைமுறைக்குக் கணக்குத் தீர்த்திடுமான்னா, தீர்க்காது. "காடு முக்கியமா மனுஷங்க முக்கியமா"ன்னு டிவி விவாதத்துல கேக்கறப்போ இந்தக் கணக்கு எப்பவும் மறைஞ்சு போயிடுது.

நடுவுல ஒரு விருந்தாளியும் வந்தார். அரிக்கொம்பன். கேரளத்துச் சின்னக்கானல்ல அரிசிக் கடை உடைச்ச அந்த யானையை, கம்பத்துல ரகளை பண்ணினதுக்கு அப்புறம், 2023 ஜூனில் தேனியில் பிடிச்சு இங்கேதான் கொண்டுவந்து விட்டாங்க. மேல் கோதையாறு பக்கம் சுத்திட்டு, சில மாசத்துல மாஞ்சோலைத் தோட்டப் பக்கம் எட்டிப் பார்த்தார். இந்தக் காட்டுக்குள்ள எதுவும் கோடு போட்ட மாதிரி நிக்காது.

அந்த வருஷ டிசம்பர்ல அதே மலையில ஒரே நாள்ல அரை மீட்டருக்கு மேல மழை கொட்டினதும், கீழே காயல்பட்டினத்துல தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினதும், ஸ்ரீவைகுண்டத்துல ரயில் வெள்ளத்துக்கு நடுவுல நின்னதும் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அன்னிக்கு அந்த 143, 156, 118 அப்படிங்கற நம்பரெல்லாம் வேற தொனியில வாசிக்கப்பட்டது.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பாபநாசம் வனச் சோதனைச்சாவடி, மணிமுத்தாறு வனச் சோதனைச்சாவடி ரெண்டுலயும் நேரக் கட்டுப்பாடு உண்டு, அனுமதி விதிகள் மாறிட்டே இருக்கும். வனத்துறைகிட்ட முதல்ல கேட்டுக்குங்க. புலியைப் பார்க்கப் போறேன்னு கிளம்பாதீங்க. சிங்கவால் குரங்கைப் பார்த்தாலே அதிர்ஷ்டம்.

மாஞ்சோலைக்குப் போனா தேயிலையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. தேயிலை செடி இல்லை, மரம். கவாத்து பண்ணிப் பண்ணித்தான் இடுப்பு உயரத்துல நிறுத்தி வச்சிருக்காங்க. கிள்ளறதையும் வெட்டறதையும் நிறுத்தினா அது தன்பாட்டுக்கு மேலே வளர ஆரம்பிச்சிடும்.

அடுத்த எபிசோட்ல ஆத்தோட கீழே இறங்கி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போறோம். வெள்ளைக்காரன் கட்டின எட்டாவது அணைக்கட்டு அது. அதுக்கு முன்னாடி இருந்த ஏழையும் யார் கட்டினாங்கன்னு அங்க பேசுவோம்.